மாரடைப்பு: வீட்டில் எழும் சந்தேகங்களும் பதில்களும்

நெஞ்சு வலியோடு வருபவர்களும், அவர்களைக் கூட்டி வருபவர்களும், வார்டு வாசலில் காத்திருப்பவர்களும் கேட்கும் கேள்விகள் ஆண்டுக்கணக்கில் மாறவே இல்லை. அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறோம். ஒன்றை மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுகிறோம். மாரடைப்பில் வீணாகும் நேரத்தில் பெரும்பகுதி ஆஸ்பத்திரியில் வீணாவதில்லை; ‘கொஞ்ச நேரம் பார்க்கலாம்’ என்று வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதே போய்விடுகிறது. அதனால் முதல் ஒரு மணி நேரத்தைப் பற்றித்தான் இங்கே அதிகம் இருக்கிறது.

மாரடைப்புன்னா சரியா என்ன நடக்குது? இதயம் நின்னு போறதா?

இல்லை. இதயத் தசைக்கும் ரத்தம் வேண்டும். அதைக் கொண்டுவருவது இதயத்தின் மேல் ஓடும் மூன்று முக்கிய ரத்தக் குழாய்கள். குழாயின் உட்சுவரில் பல வருடமாகப் படிந்த கொழுப்புத் திட்டு ஒருநாள் வெடிக்கிறது. காயம் பட்ட இடத்தில் ரத்தம் உறைவதுபோல அங்கும் ரத்தம் உறைந்து குழாயை அடைத்துவிடுகிறது. அடைப்புக்கு அப்பால் இருக்கும் தசை இருபது முப்பது நிமிடத்திலேயே சாகத் தொடங்கும். அடுத்தடுத்த மணி நேரங்களில் சேதம் பரவிக்கொண்டே போகும். செத்த தசை மறுபடி முளைக்காது, தழும்பாகத்தான் ஆறும்.

இதயம் நின்றுபோவது வேறு. மாரடைப்பு வந்தவருக்கு இதயம் துடித்துக்கொண்டேதான் இருக்கும், பேசுவார், நடப்பார். ஆனால் ரத்தம் கிடைக்காத தசையில் மின்னோட்டம் தாறுமாறாகி எந்த நேரமும் துடிப்பு நின்றுபோகலாம். முதல் சில மணி நேரத்தில் அந்த ஆபத்து மிக அதிகம்.

நெஞ்சுல எங்க, எப்படி வலிச்சா மாரடைப்புன்னு எடுத்துக்கணும்?

நடு நெஞ்சில், எலும்புக்குப் பின்னால். பலர் ‘வலி’ என்றே சொல்ல மாட்டார்கள். பாறாங்கல்லை வைத்ததுபோல் பாரமாக இருக்கிறது, இறுக்கிப் பிடிக்கிறது, எரிகிறது என்பார்கள். எங்கே என்று கேட்டால் ஒரு விரலை வைத்துக் காட்டாமல், கையை மடக்கி முஷ்டியாக நெஞ்சு நடுவில் வைத்துக் காட்டுவார்கள். அந்தக் கையசைவே எங்களை உஷாராக்கிவிடும்.

வலி இடது தோளுக்கும் கையின் உள்பக்கத்துக்கும் பரவலாம். இரண்டு கைகளுக்கும், வலது கைக்கும், கழுத்துக்கும், கீழ்த்தாடைக்கும், முதுகுக்கும்கூடப் போகலாம். பல் வலி என்று நினைத்துப் பல் டாக்டரிடம் போனவர்கள் உண்டு. கூடவே வியர்வை: மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும்போதே சட்டை ஒட்டிக்கொள்ளும் அளவுக்குக் குளிர்ந்த வியர்வை. குமட்டல், வாந்தி, மூச்சு முட்டல், ‘ஏதோ ஆகப்போகிறது’ என்ற பயம். ஓய்வெடுத்தும் 15 நிமிடத்துக்கு மேல் நீடிக்கும் பாரமான வலியை, வேறு காரணம் நிரூபணமாகும் வரை மாரடைப்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வலியோடு வியர்வையும் இருந்தால் அந்த 15 நிமிடம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

ஒரே இடத்துல ஊசி குத்தற மாதிரி சுருக்குன்னு வலிக்குது. அதுவும் அதுதானா?

பெரும்பாலும் இருக்காது. விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒரு புள்ளியில், சில நொடிகள் மட்டும், அழுத்தினாலோ திரும்பிப் படுத்தாலோ கூடும் வலி பொதுவாகத் தசையிலிருந்தோ விலா எலும்பு மூட்டிலிருந்தோ வருவது. ‘பொதுவாக’ என்கிறோம், ‘எப்போதும்’ என்று சொல்லவில்லை. உங்களுக்குச் சர்க்கரை இருந்தால், புகைப்பழக்கம் இருந்தால், ஒரு ஈசிஜி எடுத்துப் பார்ப்பதில் நஷ்டம் இல்லை.

கேஸ் வலியா மாரடைப்பான்னு வீட்டுலயே எப்படிக் கண்டுபிடிக்கறது?

கண்டுபிடிக்க முடியாது. எங்களாலேயே ஈசிஜி இல்லாமல் முடியாது. இதயத்தின் கீழ்ச்சுவர், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதற்குக் கீழே இரைப்பை. இரண்டிலிருந்தும் வரும் வலி நரம்புகள் தண்டுவடத்துக்கு ஏறக்குறைய ஒரே வழியாகத்தான் போகின்றன. அதனால் கீழ்ச்சுவரில் வரும் மாரடைப்பு மேல் வயிற்று வலியாக, குமட்டலாக, ஏப்பமாக வரும். ‘ஏப்பம் விட்டால் கொஞ்சம் லேசாகிறது’ என்பது கேஸுக்கான சாட்சி ஆகாது.

நாம் திரும்பத் திரும்பப் பார்க்கும் வரிசை இது: இரவுச் சாப்பாடு முடிந்து வலி வருகிறது. நேற்று சாப்பிட்ட பரோட்டாவின் மேல் பழி விழுகிறது. முதலில் சோடா, பிறகு பெருங்காயம் போட்ட மோர், பிறகு இஞ்சிச் சாறு, பிறகு மருந்துக் கடையில் ஒரு அசிடிட்டி மாத்திரை. நடுவில் வலி கொஞ்சம் குறைகிறது. குழாயை அடைத்த ரத்தக் கட்டி தானாகவே கொஞ்சம் விலகி மறுபடி அடைக்கும். வலி ஏறி இறங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் வீட்டில் ‘பார்த்தியா, கேஸ்தான்’ என்று முடிவாகிவிடுகிறது. விடியற்காலை வரும்போது ஐந்தாறு மணி நேரம் போயிருக்கும்.

ஆகவே எளிய விதி: முப்பது வயதைத் தாண்டியவருக்கு, இதுவரை வந்தது போல் இல்லாத ஒரு ‘கேஸ் வலி’ தாடைக்கும் தொப்புளுக்கும் இடையில் எங்கே வந்தாலும் முதலில் ஈசிஜி, அப்புறம் ஜெலுசில். உண்மையிலேயே கேஸ்தான் என்றால் நீங்கள் இழப்பது ஒரு மணி நேரத் தூக்கம்.

அம்மாவுக்கு நெஞ்சு வலியே இல்ல. அசதியா இருக்கு, மூச்சு வாங்குதுன்னாங்க. அதுக்குப் போய் அட்டாக்னு சொல்றாங்களே?

சொல்வது சரியாகத்தான் இருக்கும். நீண்டகாலச் சர்க்கரை நோய் பாத நரம்புகளை மரத்துப்போகச் செய்வதுபோல இதயத்திலிருந்து வலியைச் சொல்லும் நரம்புகளையும் கெடுக்கும். அதனால் வலி இல்லாத மாரடைப்பு சர்க்கரை நோயாளிகளிடம் அதிகம். முதியவர்களிடமும் அப்படியே. பெண்களுக்கும் நெஞ்சு வலிதான் முதன்மையான அறிகுறி. ஆனால் மூச்சிரைப்பு, குமட்டல், முதுகு வலி, தாடை வலி, சொல்லத் தெரியாத களைப்பு ஆகியவை அவர்களிடம் கூடுதலாகக் கலந்து வரும்.

நேற்றுவரை குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தவர் இன்று அடுப்படியிலிருந்து கூடத்துக்கு நடப்பதற்குள் உட்கார்ந்துவிடுகிறார் என்றால் அதை வயசு என்றோ வேலைக் களைப்பு என்றோ விடக் கூடாது. வீட்டில் ஆண்களுக்கு வந்தால் உடனே வண்டி பிடிக்கிறோம். பெண்கள் தாங்களே ‘படுத்தா சரியாயிடும்’ என்று தள்ளிப்போடுகிறார்கள். பக்கத்தில் இருப்பவர்கள்தான் அதை விடாமல் கேட்க வேண்டும்.

நடந்தா நெஞ்சு இறுக்குது, நின்னா போயிடுது. அப்ப பயப்பட வேண்டாம்தானே?

குழாய் முழுக்க அடைபடவில்லை, ஆனால் குறுகியிருக்கிறது என்று அர்த்தம். மேடு ஏறும்போது இதயம் கூடுதல் ரத்தம் கேட்கிறது, குறுகிய குழாயால் கொடுக்க முடியவில்லை. நின்றதும் ஐந்து பத்து நிமிடத்தில் தணிகிறது. இது அந்த வாரத்திலேயே டாக்டரைப் பார்க்க வேண்டிய விஷயம்.

இதில் மாற்றம் வந்தால் அவசரம். முன்பு இரண்டு தெரு நடந்தால் வந்த வலி இப்போது வீட்டுக்குள் நடந்தாலே வருகிறது, உட்கார்ந்திருக்கும்போதே வருகிறது, தூக்கத்தில் எழுப்புகிறது, இப்படி ஏதாவது ஒன்று என்றால் திட்டு வெடிக்கத் தொடங்கியிருக்கலாம். அன்றே, அப்போதே ஆஸ்பத்திரி.

வலி வந்துடுச்சு. முதல் பத்து நிமிஷத்துல என்னென்ன செய்யணும்?

நடப்பதை நிறுத்துங்கள். சுவரிலோ தலையணையிலோ சாய்ந்து, முழங்காலை மடக்கி உட்காருங்கள். மூச்சு முட்டும்போது மல்லாக்கப் படுக்க வைத்தால் இன்னும் முட்டும். மயக்கமாக, முகம் வெளுத்து வந்தால் மட்டும் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். ஒருவர் உடனே 108-ஐக் கூப்பிடட்டும் (இலங்கையில் 1990). ‘நெஞ்சு வலி, வியர்வை’ என்று சொல்லி, வயதையும், தெருவுக்கு அடையாளமாக ஒரு கோயிலையோ கடையையோ சொல்லுங்கள். ஒருவர் தெருமுனையில் நிற்கட்டும்.

அடுத்து ஆஸ்பிரின், விவரம் கீழே. வலி தொடங்கிய நேரத்தை ஒரு தாளில் எழுதுங்கள். அந்த ஒரு எண்ணை வைத்துத்தான் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியா, உடனடி ஆஞ்சியோவா (குழாய்க்குள் மெல்லிய கம்பி விட்டு அடைப்பைத் திறப்பது) என்று முடிவு செய்கிறோம். பழைய ஈசிஜி, தினமும் போடும் மாத்திரைகளின் அட்டை, காப்பீட்டு அட்டை மூன்றையும் ஒரு பையில் போடுங்கள். கழிவறைக்குப் போக வேண்டும் என்று பலர் கேட்பார்கள்; முக்கினால் ஆபத்து, தனியே உள்ளே தாழ் போட விடாதீர்கள். குளிக்க வேண்டாம், மாடியிலிருந்து நடந்து இறங்க வேண்டாம், நாற்காலியோடு இறக்குங்கள். காபி, பால், பழச்சாறு எதுவும் வேண்டாம்.

ஆஸ்பிரின் எத்தனை கொடுக்கணும்? யாருக்குக் கொடுக்கக் கூடாது?

300 முதல் 325 மி.கி. வீட்டில் இருப்பது 75 மி.கி. மாத்திரை என்றால் நான்கு, 150 என்றால் இரண்டு, 325 என்றால் ஒன்று. விழுங்கக் கூடாது, நன்றாக மென்று கூழாக்கி, ஒரு வாய் தண்ணீரோடு இறக்க வேண்டும். இதய நோயாளிகள் தினமும் போடும் ஆஸ்பிரின் பெரும்பாலும் இரைப்பையில் கரையாமலிருக்க மேல்பூச்சு பூசியது. அப்படியே விழுங்கினால் வேலை செய்யவே நேரமாகும். காலையில் தினசரி ஆஸ்பிரின் போட்டவராக இருந்தாலும் இதைக் கொடுக்கலாம். 1988-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், மாரடைப்பின்போது கொடுத்து ஒரு மாதம் தொடர்ந்த ஆஸ்பிரின் மட்டுமே ஐந்து வாரத்துக்குள் நேரும் மரணங்களை ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைத்தது.

ஆஸ்பிரின் ஒவ்வாமை உள்ளவர், ஆஸ்பிரினால் ஆஸ்துமா வருபவர், சமீபத்தில் ரத்த வாந்தி எடுத்தவர் அல்லது கறுப்பாக மலம் போனவர், மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டவர் ஆகியோருக்குக் கொடுக்க வேண்டாம். வாய் கோணி, கை கால் விழுந்திருந்தால் அது பக்கவாதம், அதற்கும் வேண்டாம். நெஞ்சிலிருந்து முதுகுக்குக் கிழிப்பதுபோல் ஒரே நொடியில் உச்சத்துக்குப் போன வலி என்றால் பெருந்தமனி கிழிந்திருக்கலாம், அங்கேயும் ஆஸ்பிரின் கூடாது. வலி மாத்திரைகளான பாராசிட்டமாலும் டைக்ளோஃபெனாக்கும் ஆஸ்பிரினுக்குப் பதில் ஆகாது. டைக்ளோஃபெனாக் இதயத்துக்குக் கெடுதல்.

நாக்குக்கு அடியில வைக்கற மாத்திரை பக்கத்து வீட்டுல இருக்கு. வாங்கிக் குடுக்கலாமா?

டாக்டர் உங்களுக்கென்று எழுதித் தராமல் வேண்டாம். நாக்குக்கு அடியில் வைக்கும் அந்த சோர்பிட்ரேட் மாத்திரை ரத்தக் குழாய்களை விரித்து ரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்கும். கீழ்ச்சுவர் மாரடைப்பில் வலது பக்க இதயமும் பாதிக்கப்பட்டிருந்தால் அழுத்தம் பாதாளத்துக்குப் போய்விடும். ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் மாத்திரையை 24 மணி நேரத்துக்குள்ளோ, டடாலாஃபிலை 48 மணி நேரத்துக்குள்ளோ போட்டிருந்தால் உயிருக்கே ஆபத்து. இதைச் சொல்லக் கூச்சப்பட்டு மறைப்பவர்கள் அதிகம். டாக்டரிடம் மட்டுமாவது தனியே சொல்லிவிடுங்கள்.

எழுதிக் கொடுத்திருந்தால், உட்கார்ந்தபடி ஒன்று வையுங்கள். ஐந்து நிமிடத்தில் வலி போகவில்லை என்றால் 108. மாத்திரைக்கு வலி குறைந்தது என்பதை வைத்தும் இது இன்னது என்று முடிவு செய்ய முடியாது. உணவுக்குழாய்த் தசை இழுத்துக்கொண்டு வரும் வலியும் இதற்குக் குறையும்.

108-க்குக் காத்திருக்கறதா, பைக்குல நடுவுல உக்கார வச்சு கூட்டிட்டுப் போயிடலாமா?

ஆம்புலன்ஸ்தான் முதல் தேர்வு. முதல் கேள்வியில் சொன்னபடி துடிப்பு எப்போது வேண்டுமானாலும் நிற்கலாம். ஆம்புலன்ஸில் அதற்கு மின் அதிர்ச்சி கொடுக்கக் கருவியும் தெரிந்த ஆளும் இருப்பார்கள். பைக்கின் நடுவில் உட்கார்ந்தவர் விழத்தான் முடியும். ஆம்புலன்ஸ் வர மிகவும் தாமதமாகும் என்று உறுதியாகத் தெரிந்தால் கார் அல்லது ஆட்டோ, கூட ஒருவர். வலி வந்தவர் தானே வண்டி ஓட்டக் கூடாது.

எங்கே போவது என்பதை இன்றே விசாரித்து வையுங்கள். 24 மணி நேரமும் ஆஞ்சியோ செய்யும் கேத் லேப் பக்கத்தில் எது? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றில் இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. தேர்வு செய்யப்பட்ட தனியார் மருத்துவமனைகளிலும் ஸ்டென்ட் (குழாயைத் திறந்தே வைத்திருக்கும் வலை) வைக்க அதைப் பயன்படுத்தலாம். பணம் புரட்டிக்கொண்டு போகலாம் என்று இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டாம்.

எங்க ஊர்ல ஆரம்ப சுகாதார நிலையம்தான் இருக்கு. அங்க போய் என்ன ஆகப்போகுது, நேரா டவுனுக்கே போயிடலாமே?

கேத் லேப் அரை மணி நேரத் தூரத்தில் இருந்தால் நேராகப் போங்கள். அதைவிட அதிக தூரம் என்றால், வழியில் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஐந்து நிமிடம் நிற்பது லாபம். 2023 ஜூனில் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், தமிழ்நாட்டின் ஆரம்ப, துணை சுகாதார நிலையங்களில் 14 மாத்திரைகள் கொண்ட முதல் தவணை மருந்து கொடுக்கிறார்கள்: ஆஸ்பிரின் 150 மி.கி. இரண்டு, குளோபிடோகிரல் 75 மி.கி. நான்கு, அடோர்வாஸ்டாடின் 10 மி.கி. எட்டு. ரத்தக் கட்டி மேலும் வளராமல் இது பிடித்து நிறுத்தும். வீட்டிலேயே ஆஸ்பிரின் கொடுத்திருந்தால் அதை அங்கே சொல்லுங்கள், இரட்டிப்பாகாது.

ஈசிஜியில் முழு அடைப்பு தெரிந்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஆஞ்சியோ செய்ய வழியில்லை என்றால், கட்டியைக் கரைக்கும் ஊசியைத் தாலுகா மருத்துவமனையிலேயே போடலாம். ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்றால் 15 லட்சம் யூனிட், அரை மணி முதல் ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக. டெனெக்டிப்ளேஸ் என்றால் உடல் எடைக்கேற்ப ஒரே ஊசி. வலி தொடங்கி மூன்று மணி நேரத்துக்குள் போட்டால் பலன் அதிகம். 12 மணி நேரத்துக்கு மேல் பொதுவாகப் போடுவதில்லை, கட்டி இறுகிவிடும்.

ஊசி போட்டு வலியும் போயிடுச்சு. அப்புறம் எதுக்கு ஆஞ்சியோ, காசு பறிக்கவா?

ஊசி கரைப்பது மேலே உறைந்த ரத்தத்தை மட்டும். வெடித்த கொழுப்புத் திட்டு அங்கேயேதான் இருக்கிறது, அதன்மேல் மறுபடி கட்டி உருவாகும். சிலருக்கு ஊசி வேலையே செய்யாது: 60 முதல் 90 நிமிடம் கழித்து எடுக்கும் ஈசிஜியில் உயர்ந்திருந்த கோடு பாதியாவது இறங்கவில்லை என்றால் உடனே கேத் லேப் உள்ள இடத்துக்கு மாற்ற வேண்டும். ஊசி வேலை செய்திருந்தாலும் அடுத்த 3 முதல் 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோ.

தமிழ்நாட்டிலேயே இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். சிறிய மருத்துவமனைகளில் ஊசி போட்டு, பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி ஆஞ்சியோ செய்யும் வலைப்பின்னலை அமைத்து 2,420 நோயாளிகளைக் கவனித்தார்கள். ஒரு வருடத்துக்குள் நேர்ந்த மரணம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்ததாக 2017-ல் முடிவு வெளியானது. ஆகவே ‘மேல் சிகிச்சைக்கு அனுப்புகிறோம்’ என்றால் கிளம்பிவிடுங்கள். வலி போய்விட்டதே என்று வீட்டுக்குத் திரும்புவதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு.

ஈசிஜி நார்மல்னு சொல்லி அனுப்பிட்டாங்க. வீட்டுக்கு வந்ததும் மறுபடி வலிக்குது. என்ன பண்றது?

திரும்பிப் போங்கள். ஈசிஜி என்பது அந்தப் பத்து நொடியின் படம். ஆரம்பத்தில் அது மாறாமலே இருக்கலாம். வலி தொடர்ந்தால் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி எடுக்க வேண்டும். இதயத்தின் பின்சுவரில் வரும் மாரடைப்பு, வழக்கமாக முன்நெஞ்சில் ஒட்டும் ஒயர்களில் நேரடியாகத் தெரியாது. முதுகில் ஒட்டி எடுத்தால்தான் தெரியும். ‘பின்பக்கமும் ஒரு ஈசிஜி எடுக்க முடியுமா’ என்று கேட்பதில் தவறில்லை.

ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் அப்படித்தான். தசை சேதமாகி அந்தப் புரதம் ரத்தத்தில் தெரியவே சில மணி நேரம் ஆகும். வலி வந்து அரை மணியில் எடுத்த ஒரே ஒரு ட்ரோபோனின் நார்மல் என்பதை வைத்து மாரடைப்பு இல்லை என்று சொல்ல முடியாது. சில மணி நேர இடைவெளியில் இரண்டாவது வேண்டும்.

திடீர்னு கீழ விழுந்துட்டார், கூப்பிட்டா பதில் இல்ல. அப்ப?

தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். அசைவில்லை, மூச்சில்லை, அல்லது கரையில் போட்ட மீன்போல வாயைத் திறந்து விட்டுவிட்டு இழுக்கிறார் என்றால் இதயம் நின்றுவிட்டது. அந்த இழுப்பை மூச்சு என்று நினைத்துத் தண்ணீர் தெளித்துக்கொண்டு நிற்பதில் நிமிடங்கள் போய்விடுகின்றன. 108-ஐக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, கட்டிலில் இருந்தால் தரையில் இறக்குங்கள். மெத்தையில் அழுத்தினால் மெத்தைதான் அமுங்கும்.

நடு நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, அதன்மேல் மறுகையைக் கோத்து, முழங்கையை மடக்காமல், உங்கள் உடல் எடையால் 5 முதல் 6 செ.மீ. ஆழம் அழுத்துங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, அதாவது நொடிக்கு இரண்டுக்குச் சற்றுக் குறைவாக. ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுவதும் மேலே எழ விடுங்கள். வாயோடு வாய் வைத்து ஊதத் தெரியாவிட்டால் அழுத்துவது மட்டும் போதும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். தளர்ந்த கை ஆழமாக அழுத்தாது. விலா எலும்பு முறியும் சத்தம் கேட்டாலும் நிறுத்த வேண்டாம். இதய அழுத்தமும் மின் அதிர்ச்சியும் இல்லாமல் போகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது.

பலமா இருமிக்கிட்டே இருந்தா தப்பிச்சுடலாம்னு வாட்ஸ்அப்ல வந்துச்சே?

உதவாது. ஆஞ்சியோ மேசையில், டாக்டர் மானிட்டரைப் பார்த்துக்கொண்டே நோயாளியை இருமச் சொல்லும் ஒரு அரிய சூழ்நிலையிலிருந்து கிளம்பிய செய்தி அது. வீட்டில் இருமிக்கொண்டிருப்பது 108-ஐக் கூப்பிடும் நேரத்தைத் தின்னும். மிளகாய்த்தூள் கரைத்த வெந்நீர் குடித்தால் சரியாகும் என்று வரும் செய்தியும் அப்படியே.

முப்பது நாப்பது வயசுலயே வருதே, கோவிட் தடுப்பூசியாலயா?

தெற்காசியர்களுக்கு இது முன்பிருந்தே சீக்கிரம் வருகிறது. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், முதல் மாரடைப்பின் நடு வயது நம் பகுதியினருக்கு 53. மற்றவர்களுக்கு ஏறக்குறைய 59. அந்த ஆய்வு 2004-லேயே வந்தது. புகையிலை, கொழுப்பு, சர்க்கரை, ரத்த அழுத்தம், தொப்பை, மன அழுத்தம், காய்கனி குறைவு, உடலசைவின்மை போன்ற ஒன்பது காரணங்களில் ஏறக்குறைய 90 சதவீத ஆபத்து அடங்கிவிட்டது.

தடுப்பூசி பற்றி, சென்னையில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் 18 முதல் 45 வயதுக்குள் திடீரென இறந்தவர்களை வைத்து ஆய்வு செய்து 2023-ல் வெளியிட்டது. தடுப்பூசி ஆபத்தைக் கூட்டவில்லை. கூட்டியவை: குடும்பத்தில் திடீர் மரணம், கோவிட்டுக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தது, இறப்பதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் அளவுக்கு மீறிய குடி அல்லது கடும் உடற்பயிற்சி.

அப்பாவுக்கோ அண்ணனுக்கோ 55 வயதுக்குள், அம்மாவுக்கோ அக்காவுக்கோ 65-க்குள் வந்திருந்தால், உங்கள் பரிசோதனைகளை இருபது வயதிலேயே தொடங்குங்கள். பரம்பரையாக வரும் லிப்போபுரோட்டீன்-ஏ என்ற கொழுப்பை வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும்.

போன மாசம்தான் டிரெட்மில் டெஸ்ட் நார்மல்னாங்க. இப்ப அட்டாக்னா அந்த டெஸ்டே பொய்யா?

டெஸ்ட் பொய் சொல்லவில்லை, அது கேட்ட கேள்வி வேறு. ஓடும்போது ரத்தம் பற்றாக்குறை ஆகும் அளவுக்குக் குழாய் குறுகியிருக்கிறதா என்று பார்ப்பது அது. பொதுவாக 70 சதவீதம் அடைப்பு இருந்தால்தான் தெரியும். ஆனால் வெடிக்கும் திட்டுகளில் பல அதைவிடச் சிறியவை, மென்மையானவை. 40 சதவீதத் திட்டு வெடித்தாலும் ரத்தம் உறைந்து பத்தே நிமிடத்தில் அது 100 சதவீதம் ஆகிவிடும். எனவே ‘முழு உடல் பரிசோதனையில் நார்மல்’ என்ற காகிதத்தை நம்பி நெஞ்சு வலியை ஒதுக்காதீர்கள்.

சுகர், பிரஷர், கொழுப்பு எவ்வளவு இருக்கணும்?

ரத்த அழுத்தம் 130/80-க்குக் கீழே. ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, முதுகு சாய்ந்து, கை இதய உயரத்தில் இருக்க, காபி குடித்து அரை மணி ஆன பிறகு அளந்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு. மூன்று மாதச் சராசரி சர்க்கரை (ஹெச்பிஏ1சி) பெரும்பாலானோருக்கு 7 சதவீதத்துக்குக் கீழே. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80.

கெட்ட கொழுப்பான எல்டிஎல்லுக்கு ஆய்வகத் தாளில் அச்சிட்டிருக்கும் ‘நார்மல்’ எல்லோருக்கும் பொருந்தாது. வேறு ஆபத்து இல்லாதவருக்கு 100-க்குக் கீழே. சர்க்கரையோடு வேறு ஆபத்துக் காரணமும் சேர்ந்தால் 70-க்குக் கீழே. ஒருமுறை மாரடைப்பு வந்தவருக்கு 55-க்குக் கீழே. ‘ரிப்போர்ட்டில் 98 நார்மல் என்று போட்டிருக்கே’ என்று மாத்திரையை நிறுத்தியவர்கள் இரண்டாவது தடவை வருகிறார்கள்.

ஒரு நாளைக்கு ரெண்டே ரெண்டு சிகரெட்தான்...

இரண்டும் அதிகம்தான். ஒவ்வொரு சிகரெட்டும் ரத்தத்தை எளிதில் உறைய வைக்கும், குழாயைச் சுருக்கும். ஐந்துக்குக் கீழே பிடிப்பவருக்கும் ஆபத்து தெளிவாகக் கூடுகிறது. பீடியும் வாயில் ஒதுக்கும் புகையிலையும் விதிவிலக்கு இல்லை. முழுவதும் விட்ட ஒரு வருடத்தில் கூடுதல் ஆபத்து ஏறக்குறைய பாதியாகிறது. இந்தப் பக்கத்தில் சொன்ன எந்த மாத்திரையும் இவ்வளவு மலிவாக இவ்வளவு பலன் தருவதில்லை.

எந்த எண்ணெய் இதயத்துக்கு நல்லது?

எந்த எண்ணெய் என்பதைவிட எவ்வளவு என்று கேளுங்கள். ஒருவருக்கு மாதம் அரை லிட்டர்; நாலு பேர் வீட்டுக்கு இரண்டு லிட்டர். கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு, அளவோடு போதும். வனஸ்பதியும், பஜ்ஜி சுட்ட எண்ணெயை மறுநாள் பூரிக்கு ஊற்றுவதும் வேண்டாம். உப்பு நாளுக்கு மொத்தம் 5 கிராம், ஒரு தேக்கரண்டி. ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் அந்தக் கணக்கில்தான். தட்டில் பாதி காய்கறி, கால்வாசி சோறு என்று மாற்றினாலே பலருக்குச் சர்க்கரையும் ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பும் இறங்கும்.

எனக்கு ஒண்ணும் இல்ல. முன்னெச்சரிக்கையா தினமும் ஒரு ஆஸ்பிரின் போட்டுக்கலாமா?

வேண்டாம். இதய நோய் இல்லாதவருக்கு, முக்கியமாக 60 வயதைத் தாண்டியவருக்கு, அது தடுக்கும் மாரடைப்பை அதனால் வரும் வயிற்று, மூளை ரத்தக்கசிவு சரிக்கட்டிவிடுகிறது. வலி வந்த நேரத்தில் மெல்லுவதும் தினமும் போடுவதும் வேறு வேறு முடிவுகள். ஏற்கெனவே மாரடைப்போ ஸ்டென்ட்டோ இருப்பவருக்கு இந்தப் பதில் பொருந்தாது. அவர் நிறுத்தக் கூடாது.

ஸ்டென்ட் வச்சு நாலு மாசம் ஆச்சு. பல் புடுங்கணும், மாத்திரைய நிறுத்தச் சொல்றாங்க...

ஸ்டென்ட் வைத்த டாக்டரைக் கேட்காமல் ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள். ஸ்டென்ட் ஒரு உலோக வலை. அதன்மேல் உள்தோல் படரும் வரை ரத்தத்துக்கு அது அந்நியப் பொருள். ரத்தம் உறையாமல் தடுக்கும் இரண்டு மாத்திரைகளில் (ஆஸ்பிரினும், குளோபிடோகிரல் அல்லது டிக்காகிரெலர் போன்ற ஒன்றும்) ஒன்றை முன்கூட்டியே நிறுத்தினால் வலைக்குள்ளேயே ரத்தம் உறைந்து, முதலில் வந்ததைவிட மோசமான மாரடைப்பு வரலாம். மாரடைப்புக்காக வைத்த ஸ்டென்ட் என்றால் வழக்கமாக 12 மாதம் இரண்டும் தொடரும், பிறகு ஒன்று ஆயுள் முழுக்க. பல் பெரும்பாலும் மாத்திரையோடே பிடுங்கலாம். ரத்தம் நிற்கத் தையலும் பஞ்சும் போதும்.

குளோபிடோகிரல் போடுபவர்கள் அசிடிட்டி மாத்திரையான ஒமெப்ரசோலைத் தவிருங்கள், அது குளோபிடோகிரலின் வேலையைக் குறைக்கும், பான்டோப்ரசோல் பரவாயில்லை. டிக்காகிரெலர் போடத் தொடங்கியதும் சிலருக்கு மூச்சு வாங்குவதுபோல் இருக்கும். அது மருந்தின் பக்கவிளைவாகவும் இருக்கலாம். சொல்லுங்கள், மாற்றித் தருவார்கள், நீங்களாக விட வேண்டாம்.

பூண்டு, இஞ்சி, எலுமிச்சை, தேன் காய்ச்சிக் குடிச்சா அடைப்பு கரையுமாமே? கொழுப்பு மாத்திரை லிவரைக் கெடுக்குதாமே?

முதலாவது கரைக்காது. உணவாகச் சாப்பிடலாம், மாத்திரைக்குப் பதிலாகக் குடிப்பதுதான் ஆபத்து. இரண்டாவது: ஸ்டாடின் மாத்திரையால் கல்லீரல் நொதிகள் சிலருக்குச் சற்று உயரும், கடுமையான பாதிப்பு மிக அரிது. தசை வலி வந்தால் சொல்லுங்கள். சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அன்றே. அளவையோ மருந்தையோ மாற்றலாம். திட்டு வெடிக்காமல் அதன் மேல்மூடியைக் கெட்டிப்படுத்துவது இந்த மாத்திரைதான். எல்டிஎல் இறங்கிவிட்டது என்று நிறுத்தினால் சில வாரங்களில் பழைய இடத்துக்கே ஏறும்.

அட்டாக் வந்து ரெண்டு மாசம் ஆச்சு. மாடி ஏறலாமா? மனைவியோட சேர்ந்து இருக்கலாமா?

எக்கோவில் (இதய ஸ்கேன்) இதயம் ரத்தத்தை அழுத்தி அனுப்பும் திறன் நன்றாக இருந்தால், வீடு திரும்பிய நாளிலிருந்தே சமதளத்தில் ஐந்து பத்து நிமிடம் நடந்து, வாராவாரம் கூட்டி, வாரம் 150 நிமிடம் வரை போகலாம். இரண்டு மாடி படிகளைத் தொடர்ந்து ஏறி வலியோ மூச்சிரைப்போ வராவிட்டால் தாம்பத்தியத்துக்கும் இதயம் தயார். சில்டெனாஃபில் பற்றி மேலே சொன்ன எச்சரிக்கை இங்கேயும் உண்டு. பயமும் தூக்கமின்மையும் அழுகையும் இந்த மாதங்களில் ஆண்களுக்கும் வரும். அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், அதற்கும் சிகிச்சை உண்டு.

வீட்டுல நான் மட்டும் தனியா இருக்கேன். ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தா?

முதலில் 108, ஸ்பீக்கரில். பேசிக்கொண்டே வாசல் கதவின் தாழ்ப்பாளை எடுத்து, கதவைச் சற்றுத் திறந்து, வெளி விளக்கைப் போடுங்கள். நீங்கள் மயங்கிவிட்டால் வருபவர்கள் கதவை உடைத்துக்கொண்டிருக்கக் கூடாது. ஆஸ்பிரினை மென்றுவிட்டு, கதவுக்குப் பக்கத்திலேயே சுவரில் சாய்ந்து தரையில் உட்காருங்கள். நாற்காலியிலிருந்து விழுந்தால் தலையில் அடிபடும். பிறகு பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள். அவருடைய எண்ணும், நான்கு 75 மி.கி. ஆஸ்பிரின் உள்ள அட்டையும், மாத்திரைச் சீட்டும் இன்றிரவே ஒரு உறையில் போட்டு அந்தக் கதவுக்கு அருகில் கைக்கெட்டும் உயரத்தில் ஆணியில் மாட்டி வையுங்கள்.